இறந்தகாலம்

வேக்ஃபீல்டு ஆவணக் காப்பகத்தில்
பாய்லர் நின்று இது மூன்றாம் நாள்.
கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டு
ரொவீனா டென் தாள் புரட்டுகிறாள்.
கென்ட் பக்கத்துப் பெண்.
வடக்கே வந்து எட்டு மாதம்.
இந்த ஊர்ப் பேச்சு பிடிபட்டுவிட்டதாக ஒரு நினைப்பு.

பெட்டியில் ஒரு மரண விசாரணை:
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்று, ஜனவரி.
கெசியா ஹோல்ராய்ட், கம்பளி சீவியவனின் விதவை,
வயது முப்பத்தாறு.
பன்னிரண்டு ஜூரிகள் கூடிப் பேசி எழுதிய ஒற்றைச் சொல்:
ஸ்டார்வ்டு.

பட்டினி என்று பென்சிலால் ஓரத்தில் குறித்தாள்.
வேறென்ன இருந்துவிடப் போகிறது.

அடுத்த தாள் இடறியது.
அலமாரியில் ஓட்ஸ் ரொட்டி நான்கு,
உப்பிட்ட பன்றிக் கொழுப்பு ஒரு துண்டு,
அரைச் சாக்கு உருளைக்கிழங்கு.
எண்ணி எழுதியவர் கான்ஸ்டபிள். அவருக்கு எண்ணத் தெரியும்.
ரொட்டியில் பல் பட்ட தடம் உண்டு,
கடித்தது இறங்கவில்லை, கல்லாக இறுகியிருந்தது.
புருஷன் சீப்பைக் காய்ச்சிய அடுப்பில்
சாம்பல்கூட இல்லை,
துடைத்து வைத்திருந்தாள்.

அந்நேரம் கிளிஃபர்ட் சக்டன் வந்தார்
ஸ்பேனர் பையோடும் ஹாலிஃபாக்ஸ் பேச்சோடும்.
நீலம் பாய்ந்த நகங்களைப் பார்த்து
"ஸ்டார்விங் போலிருக்கே, பொண்ணு" என்றார்.
"ஆமாம், மணி ஒன்றாகிறதே" என்றபடி
டப்பாவைத் திறந்து
முட்டை சாண்ட்விச்சில் பாதியை நீட்டினாள்.
அவர் மறுக்கவில்லை.
நின்றுகொண்டே தின்று முடித்து
மீசையைத் துடைத்த பிறகு சொன்னார்:
"நான் குளிரைச் சொன்னேன்."

அந்தச் சொல்லுக்கு வயிறே இல்லாத காலம் ஒன்று இருந்தது.
வாள் பட்டாலும், காய்ச்சல் கண்டாலும், கிழடு தட்டினாலும்
எல்லாச் சாவுக்கும் அதுவே வினை.
கடலுக்கு அந்தப் பக்கம் ஜெர்மன்காரர் வாயில்
அதன் உடன்பிறப்பு இன்றும் அப்படித்தான்.
இங்கேதான் வேறொரு சொல் வந்து
கூடத்தில் உட்கார்ந்துகொண்டது.
பழையதைத் துரத்தவில்லை,
அறை அறையாகப் பூட்டிக்கொண்டே வந்தது.
தெற்கே அதற்குப் பசியறை மிஞ்சியது,
வடக்கே பனியறை.
இப்போது சாப்பாட்டு மணி
பத்து நிமிடம் தள்ளிப்போனால் போதும்,
பள்ளிப் பிள்ளைகள் அதைச் சொல்லிக் கத்துகிறார்கள்.
ஒருவரும் சாவதில்லை.
நல்ல வேளை.

கடைசித் தாள். கோபம் கொண்ட கையெழுத்து,
நிப்பு இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருக்கிறது.
பட்டினி போட்டுக் கொன்றார் என்று
லண்டன் பத்திரிகை ஒன்று எழுதிவிட்டதாம்.
நிவாரண அதிகாரி ஜோசையா கிராப்ட்ரீ மறுக்கிறார்:

"ஐயா, தெற்கத்தியார் எங்கள் சொல்லை அறியார்.
உணவுக்கு நான் குறை வைக்கவில்லை.
அவள் கேட்டது கரி மட்டுமே.
மூன்று முறை வந்து கேட்டாள்.
கரி எங்கள் பட்டியலில் இல்லை."

ஒரு சொல்லின் பொருளைத் திருத்திவிட்டு
நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.
பெயருக்குக் கீழே ஒரு சுழிகூட உண்டு.

ரொவீனா அழிரப்பரைத் தேடினாள்.
பட்டினி போனது,
தாளில் அதன் பள்ளம் மட்டும் போகவில்லை.

கணினித் திரையில் ஒரு கட்டம்: இறப்பின் காரணம்.
பசி என்று ஒரு தேர்வு,
குளிர் என்று ஒரு தேர்வு.
இரண்டின் மேலும் சுட்டியை நகர்த்தினாள்.
பிறகு கட்டத்துக்குள் தானாகவே
கரி என்று தட்டினாள்.

பட்டியலில் இல்லை என்றது திரை.

கீழே நிலவறையில் சக்டன்
குழாயைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.
சுவர் வழியே சத்தம் ஏறி வருகிறது,
சூடு இன்னும் வரவில்லை.